சீடி ட்ரைவ் இல்லாத லெப்டொப்பில் மிஞ்சிய அரை வரி

மகள் தர்ஷினிக்கும் மகன் கிஷோருக்கும் அப்பா எழுதுவது.

போன மாதம் நீங்கள் ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்திருந்தபோது, என்னுடைய பழைய லெப்டொப்புக்குத் தர்ஷினி லினக்ஸ் போட்டுக் கொடுத்தாள். சுண்டுவிரல் அளவு ஒரு யுஎஸ்பி குச்சியைச் செருகினாள், நாலைந்து தடவை தட்டினாள், ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கிறதற்குள் வேலை முடிந்தது. அதற்குள் நான் மூன்று தடவை, “உள்ள என்ன இருக்குன்னு பாத்தியா மகள்?” என்று கேட்டேனாம். கிஷோர் சிரித்தான். “அப்பாவுக்கு ரிட்டையர் ஆனதும் ரெக்கோட் கீறிருச்சு, ஒரே எடத்துல சுத்துது” என்றான். பிறகு தர்ஷினி, “சீடி ட்ரைவ் இல்லாத மெஷினுக்கெல்லாம் அந்தக் காலத்துல எப்படிப்பா லினக்ஸ் போட்டீங்க?” என்று கேட்டாள். “கழட்டி மாட்டுவோம்” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன். அந்தக் கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் இல்லை. அதனால்தான் இந்தக் கொப்பியை எடுத்தேன். நான் ஓ.எல். மட்டும் படித்தவன். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

நான் வேலை பழகியதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. றொசல்ல பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தேன். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் இரண்டு வருடம் சாக்குத் தூக்கினேன். தொண்ணூறாம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஹட்டனில் நஸீர் முதலாளியின் கடைக்கு ரேடியோ திருத்தப் போனேன். ரேடியோ, பிறகு கெசட், பிறகு டிவி. கடைசியில் கம்பியூட்டர் வந்தது, அதையும் முதலாளி முன்னால் இருந்து பழகினார், நான் பின்னால் இருந்து பழகினேன். அவ்வளவுதான்.

முதலாளியைப் பற்றித்தான் கொஞ்சம் சொல்ல வேண்டும். உயரமான ஆள். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத்தான் ஸ்க்ரூ ட்ரைவரை எடுப்பார். கத்தியதை நான் கேட்டதில்லை. ஒரு மெஷினைத் திறந்தால், அதன் உருவத்தை ஒரு மட்டைத் துண்டில் கீறுவார். எந்த இடத்தில் கழற்றிய ஆணியோ, மட்டையில் அதே இடத்தில் குத்தி வைப்பார். “ஆணிக்கும் ஒரு வீடு ஈக்குது. மாறிப் போனா அதுக்கும் தூக்கம் வராது” என்பார்.

அதைவிடப் பெரிய பழக்கம் ஒன்று வைத்திருந்தார். யார் கம்பியூட்டர் கொண்டுவந்தாலும் உடனே தொடமாட்டார். முதலில் ஆளை உட்கார வைப்பார். “உள்ள என்ன ஈக்குது? வேற எங்கயாச்சும் அது ஈக்குதா? இல்லாமப் போனா யாருக்கு நட்டம்?” இந்த மூன்று கேள்வி. பதிலை அரைத் தாளில் எழுதுவார். எழுதியதைச் சத்தமாக வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, அந்தத் தாளை மெஷினில் ஒட்டுவார். சில பேருக்கு எரிச்சலாக இருக்கும். “என்ன முதலாளி, பொலிஸ் ஸ்டேஷனா இது?” என்று கேட்பார்கள். “அவங்க கேக்கிறது நடந்த பொறகு. நான் முன்னுக்கே கேக்கிறேன்” என்பார்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, சரியாக நினைவில்லை. ஆடி மாதம் முடிந்து மழை கொஞ்சம் விட்டிருந்தது. முதலாளி கண்டிக்கு மகள் வீட்டுக்குப் போயிருந்தார், மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. கடையில் நான் மட்டும்தான்.

தலவாக்கலைப் பக்கமிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர் கோதுமை மா வந்த பழைய பை ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நம்ம பக்கம் அப்போது அப்படித்தான். மருந்து, கடிதம், தைத்த சட்டை எல்லாம் பஸ்ஸில் ஆள் இல்லாமல் தனியாகப் பயணம் போகும். பைக்குள் ஒரு லெப்டொப். மெல்லியது, நல்ல கறுப்பு. சீடி போடுகிற இடமே இல்லை. கூட ஒரு துண்டுக் கடிதம். தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிற சிவபாலன் மாஸ்டர் எழுதியிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஒன்பது வருடமாக அந்தத் தோட்டத்தில்தான் இருந்தார். “இது திறபடுகுதில்லை. புதுசா ஏதாவது போட்டு இயங்கச் செய்து தாங்கோ. அவசரம். சனிக்கிழமை வந்து எடுக்கிறன்.” அவ்வளவுதான் இருந்தது.

கேள்வி கேட்க எதிரே ஆள் இல்லை. ஆள் இல்லாததால் கேள்வி இல்லை என்று என் புத்தி முடிவு செய்துவிட்டது. பாடசாலைக்கு டெலிபோன் இருந்தது. ஒரு தடவை எடுத்திருக்கலாம். நான் எடுக்கவில்லை.

ஏன் எடுக்கவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்கு ஆசை வந்துவிட்டது. ஒரு சஞ்சிகையோடு வந்த லினக்ஸ் சீடி ஒன்றைப் பல மாதமாக மேசை லாச்சியில் வைத்திருந்தேன். இந்த லெப்டொப் பழையது, புது விண்டோஸ் போட்டால் மூச்சு வாங்கும். லினக்ஸ் போட்டால் ஓடும். ஆனால் சீடி இல்லாத மெஷினுக்குள் சீடியில் இருப்பதை எப்படிப் போடுவது? அந்த மெஷினுக்கு யுஎஸ்பியில் இருந்து எழும்பவும் தெரியாது. அதை நானே, முதலாளி இல்லாமல், செய்து முடித்து அவருக்குக் காட்ட வேண்டும் என்று ஆசை.

செய்த விதத்தை எழுதுகிறேன், தர்ஷினிக்குப் பிடிக்கும். லெப்டொப்பைக் கவிழ்த்து டிஸ்க்கை வெளியே எடுத்தேன். தீப்பெட்டி இரண்டை ஒட்டி வைத்த மாதிரி சின்ன டிஸ்க். ஊசிகளும் பொடி ஊசிகள். மேசைக் கம்பியூட்டரின் வயர் அதற்குப் பொருந்தாது. இடையில் மாட்ட ஒரு சின்னப் பலகை உண்டு, முதலாளி கொழும்புப் புறக்கோட்டையிலிருந்து வாங்கி வந்தது. அதைத் தலைகீழாக மாட்டினால் டிஸ்க் கருகிப் போகும். அதனால் முதலாம் ஊசி எது என்று கண்ணாடி வைத்துப் பார்த்து, பேனையால் புள்ளி வைத்து, அப்புறம்தான் மாட்டினேன்.

அடுத்து இன்னொரு வேலை செய்தேன். மேசைக் கம்பியூட்டருக்குள் கடையின் சொந்த டிஸ்க் இருந்தது. லினக்ஸ் போடும்போது தவறுதலாக அதில் போய் எழுதிவிட்டால் கடையின் வேலையெல்லாம் போய்விடும். ஆகவே அதன் வயரைப் பிடுங்கி ஓரமாக வைத்தேன். எவ்வளவு கவனமாக இருக்கிறேன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். கடை டிஸ்க்கைக் காப்பாற்ற வயர் பிடுங்கிய எனக்கு, கையில் இருக்கிற டிஸ்க்கைப் பற்றி ஒரு நினைப்பும் வரவில்லை.

சீடியைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு கேள்வி வந்தது. இந்த டிஸ்க்கில் உள்ளது எல்லாம் அழிந்துவிடும், சரியா என்று. முதலாளி கேட்கிற அதே கேள்வியை மெஷின் கேட்டது. நான் சரி என்று தட்டினேன்.

போட்டு முடித்து, டிஸ்க்கைத் திரும்ப லெப்டொப்பில் மாட்டினால் திரை கறுப்பாகவே நின்றது. மேசைக் கம்பியூட்டரின் திரைக்கு ஏற்றபடி அமைந்திருந்தது, லெப்டொப்பின் திரையை அதற்குத் தெரியவில்லை. எழுத்து மட்டும் வருகிற நிலைக்குப் போய், அதை மாற்றி எழுத இன்னும் அரை நாள். கடைசியில் நீலமாய்த் திரை மலர்ந்து, மூலையில் லினக்ஸின் அடையாளமான பென்குவின் வந்து உட்கார்ந்தபோது நான் கடைக்குள் தனியாகக் கை தட்டினேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு மாஸ்டர் வந்தார். முதலாளியும் காலையில்தான் கண்டியிலிருந்து வந்திருந்தார். மாஸ்டர் மெலிந்த ஆள், குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு வந்தார். நான் லெப்டொப்பைத் திறந்து காட்டினேன்.

“அட, எழும்பிட்டுதே! கெட்டிக்காரன் தம்பி நீர்” என்றார். பிறகு குனிந்து அங்கும் இங்கும் தேடினார். “இதுக்குள்ள இருந்த பிள்ளையளின்ர விவரம் எங்கை?”

“எந்த விவரம் மாஸ்டர்?”

“முப்பத்தொரு பிள்ளையள். பதிவு இல்லாத பிள்ளையள். நான் லயம் லயமாப் போய் அடிச்சது.”

முதலாளி தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

அது என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் ஆஸ்பத்திரியில் பிறந்து, மறுவாரமே பதிவானவர்கள். எங்கள் லயங்களில், அந்த வரிசை வீடுகளில், அப்படி இல்லாத பிள்ளைகள் நிறைய இருந்தார்கள். லயத்து ஒற்றை அறைக் காம்பிராவிலேயே பிறந்து, பதியாமலே வளர்ந்தவர்கள். பதினாறு வயதில் ஓ.எல். சோதனை எழுத அடையாள அட்டை வேண்டும். அட்டைக்குப் பிறந்த பதிவு வேண்டும். பதிவு இல்லையென்றால், பிறந்த நாள் இதுதான் என்று ஏதாவது ஆதாரத்தோடு பதிவுக் கந்தோருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். மாஸ்டர் அந்த வருடம் சோதனை எழுத வேண்டிய முப்பத்தொரு பிள்ளைகளின் தாய்மாரிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் போய், லெப்டொப்பை மடியில் வைத்து, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே அடித்திருக்கிறார். பற்றரி ஒரு மணித்தியாலம்தான் நிற்கும். ஒரு ஞாயிறுக்கு இரண்டு வீடு, மூன்று வீடு. பாடசாலையில் பிரிண்டர் இல்லை. ஹட்டனில் வந்து பிரிண்ட் எடுக்க இருந்த நேரத்தில்தான் மெஷின் படுத்துவிட்டது. வேறு எங்கும் எழுதி வைக்கவில்லை.

“எல்லாத்தையும் அழிச்சுட்டேன் மாஸ்டர்” என்றேன்.

மாஸ்டர் ஏசவில்லை. கதிரையில் உட்கார்ந்தார். “சோதனை மார்கழியில்” என்று மட்டும் சொன்னார்.

முதலாளி என்னைப் பார்க்காமல் லெப்டொப்பை அணைத்து, பற்றரியையும் கழற்றினார். “இனி இத ஓட விடாத. ஓட ஓட மேல மேல எழுதிக்கிட்டே ஈக்கும்.” அப்புறம் கேட்டார், “டெலிபோன் வேலை செய்யுதா?”

“செய்யுது முதலாளி.”

“சரி.”

அந்தச் ‘சரி’க்குப் பதிலாகக் கன்னத்தில் ஒன்று கொடுத்திருக்கலாம்.

முதலாளி கையில் இருந்த மீட்கிற சொஃப்ட்வெயரை எல்லாம் போட்டுப் பார்த்தார். பெயர் இல்லாத துண்டுகள்தான் வந்தன, ஒன்றும் திறக்கவில்லை. திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டு, “ஞாயிறு ஞாயிறு நீ மாஸ்டரோட போ. அவர் கேக்கட்டும், நீ எழுது. கொப்பில எழுது” என்றார்.

போனேன். ஆறு ஞாயிறு. மாஸ்டர் முன்னால், நான் கொப்பியோடு பின்னால். ஒவ்வொரு வீட்டிலும் அதே கேள்வி. “ஏன் மாஸ்டர், எல்லாம் முந்தியே சொன்னோமே?” மாஸ்டர் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டார், “மெஷின் பழுதாப் போச்சு அம்மா” என்பார். நானேதான் சொல்லுவேன், நான் அழித்துவிட்டேன் என்று. முனியம்மா என்று ஒரு அக்கா, வாய்க்காரி. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “பெட்டிக்குள்ள வச்சத இந்தத் தம்பி தின்னுருச்சா? எலி தின்னாக்கூட ஓரமாச்சும் மிஞ்சுமே!” என்றார். லயமே சிரித்தது. நானும் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டேன்.

யாருக்கும் தேதி தெரியாது. தோட்டத்துப் பழைய துரை மாறிப் போன வாரம் என்பார்கள், ஏழாம் நம்பர் மலையில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டின நேரம் என்பார்கள், கோயில் ரதம் வந்ததற்கு மறுநாள் என்பார்கள். மாஸ்டர் அதை வைத்துக்கொண்டு கோயில் நோட்டீசையும் கிளினிக் கார்ட்டையும் தேடி நாளைப் பிடிப்பார். முப்பது பிள்ளைக்கும் பிடித்தாயிற்று.

ஒன்று மட்டும் முடியவில்லை. நாலாம் நம்பர் லயத்துக் கோமதி. அவளுடைய தாய் பார்வதி, மாஸ்டரிடம் சொல்லி மூன்று மாதத்தில், ஆடிக் குளிரில் நெஞ்சில் சளி கட்டி இறந்துவிட்டாள். தகப்பனைக் கேட்டோம். பிள்ளை பிறந்தபோது அவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை. “மழைக் காலம்னு சொன்னாங்க சார்” என்றார். அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. லயத்தில் மற்றவர்களைக் கேட்டும் அந்த நாள் ஒருவர் நினைவிலும் இல்லை. இங்கே எந்த மாதம் மழைக் காலம் இல்லை?

“ஏதாச்சும் ஒரு நாளப் போட்டுக் குடுத்தா என்ன மாஸ்டர்?” என்று கேட்டேன்.

“தாய் சொன்ன நாள் ஒண்டு இருந்தது தம்பி. அதை விட்டிட்டு நான் ஒரு நாளை உண்டாக்க மாட்டன்” என்றார். பிறகு மெதுவாக, “அந்தப் பிள்ளைதான் வகுப்பில முதலாம் பிள்ளை” என்றார்.

அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது முனியம்மா அக்கா சொன்னது மனதில் சுற்றிக்கொண்டே இருந்தது. எலி தின்றாலும் ஓரம் மிஞ்சும். லினக்ஸில் ஒரு டிஸ்க்கை, ஃபைல், பெயர் எதையும் பார்க்காமல், முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளிவரை அப்படியே வாசிக்க முடியும் என்று அந்தச் சீடியில் இருந்த விளக்கத்தில் படித்த ஞாபகம். அந்த இங்கிலீஷை அகராதி வைத்து மூன்று நாள் திரும்ப வாசித்தேன். முதலாளியிடம் சொன்னேன். அவர் கடையின் பெரிய டிஸ்க்கைக் காலி பண்ணிக் கொடுத்தார். லெப்டொப் டிஸ்க்கை அதில் அப்படியே பிரதி எடுத்தோம். இந்தத் தடவை யார் டிஸ்க், எதிலிருந்து எதற்கு என்று தாளில் எழுதி, முதலாளி வாசிக்க, நான் கையெழுத்து வைத்து, அப்புறம்தான் தட்டினேன்.

எதைத் தேடுவது? மாஸ்டர் பாமினி எழுத்தில் அடித்திருந்தார். அந்த எழுத்தில் நாம் தமிழில் ‘அம்மா’ என்று பார்ப்பது, டிஸ்க்குக்குள் mk;kh என்று இங்கிலீஷ் எழுத்தாகத்தான் கிடக்கும். நான் பார்வதியின் பெயரை அப்படி எழுதினேன். ghu;tjp. அதைத் தேடச் சொல்லிவிட்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம். மத்தியான லுஹர் தொழுகைக்குப் போய் முதலாளி திரும்பி வந்தார். அப்போதும் தேடிக்கொண்டிருந்தது. மூன்று மணி போல, கறுப்புத் திரையில் குப்பை குப்பையாய் எழுத்துகள் ஓடி, நடுவில் அந்தப் பெயர் நின்றது.

அந்த இடத்தை வெட்டியெடுத்து மேசைக் கம்பியூட்டரில் வைத்து, எழுத்தைப் பாமினி என்று மாற்றினேன். குப்பையாகக் கிடந்தது தமிழாகிவிட்டது. ஒரு வார்த்தையும் மாற்றாமல் எழுதுகிறேன்.

“பேர் பார்வதி. நாலாம் நம்பர் லயம், ரெண்டாங் காம்பிரா. மூத்தது கோமதி. முனியம்மா மவனுக்கு முப்பதாம் நாள் பேர் வச்ச அன்னைக்கு எனக்கு வலி எடுத்திருச்சு. அவுக குடுத்த பாயசம் கையில இருக்கு, நான் சொவத்தப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன். அன்னைக்கு ராவே பொறந்திருச்சு. விடியங்காட்டி மழை விட்டுச்சு. புள்ளையக் கழுவி மடியில குடுத்தாங்க. அது மூஞ்சியப் பாத்ததும் நான்”

அதற்கு மேல் இல்லை. அந்த இடத்திலிருந்து நான் போட்ட லினக்ஸ் தொடங்குகிறது.

முனியம்மா அக்காவின் மகனுக்குக் கிளினிக் கார்ட் இருந்தது. அதில் பிறந்த தேதி இருந்தது. அதிலிருந்து முப்பதாம் நாளை மாஸ்டர் கணக்குப் பார்த்தார். பாயசத்தைச் சொன்னதும் முனியம்மா அக்காவுக்கும் ஞாபகம் வந்துவிட்டது; கந்தோருக்கே வந்து, தன் வீட்டுப் பாயசத்தைக் கையில் வாங்கி நின்றபோதுதான் பார்வதிக்கு வலி வந்தது என்று அதிகாரியிடம் சத்தியம் பண்ணினார். அங்கே சிங்களத்தில் கேட்டார்கள், அவர் சிங்களத்திலேயே பாயசம் எப்படிக் காய்ச்சினது என்பதுவரை சொன்னாராம். கோமதிக்குப் பதிவு கிடைத்தது. அட்டையும் சோதனைக்கு நாலு நாள் முந்திக் கிடைத்தது.

சோதனை முடிந்து மாஸ்டர் அவளைக் கடைக்குக் கூட்டிவந்தார். சின்ன உருவம், இரட்டைப் பின்னல், வெள்ளைச் சீருடை. “உங்களாலதான் சோதன எழுதுனேண்ணே. ரொம்ப நன்றி” என்றாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பிரிண்ட் எடுத்து வைத்திருந்த தாளை நீட்டினேன். கந்தோருக்கு மாஸ்டர் தேதியை மட்டும்தான் எழுதிக் கொடுத்திருந்தார். தாய் பேசியதை அவள் அதுவரை பார்த்திருக்கவில்லை.

நின்றபடியே வாசித்தாள். பாயசம் வந்த இடத்தில் சிரித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். பின்பக்கம் வெள்ளை.

“மிச்சம் எங்கண்ணே?”

“அவ்வளவுதாம்மா கிடைச்சுது. மிச்சத்த நான் அழிச்சுட்டேன்.”

அவள் மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் தலையை அசைத்தார். “எனக்கும் ஞாபகம் வருகுதில்லை பிள்ளை. முப்பத்தொரு பேர் சொல்லிச்சினம். நான் அடிச்சுக்கொண்டே போனனான்.”

“சிரிச்சேன்னு சொல்லியிருப்பாங்களா, அழுதேன்னு சொல்லியிருப்பாங்களா?”

நாங்கள் மூன்று பேர் அங்கே நின்றோம். முதலாளி தொப்பியை எடுத்து, போடாமல், கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கோமதி தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தாள். “பரவால்லண்ணே” என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மாஸ்டர் குடையை எடுத்தார்.

அதற்குப் பிறகு எத்தனையோ மெஷினுக்கு லினக்ஸும் விண்டோஸும் போட்டேன். அழிக்கவா என்று திரை கேட்கிற ஒவ்வொரு தடவையும், பின்பக்கம் வெள்ளையாக இருந்த அந்தத் தாள் கண்ணுக்கு முன்னால் வரும்.

தர்ஷினி, போன மாதம் உன் குச்சியும் அதே கேள்வியைத்தான் கேட்டது. மூன்றாவது தடவை நான் கேட்டபோது நீ, “ஒண்ணுமில்லப்பா, காலிதான், நான் பாத்துட்டேன்” என்று சொல்லித் தட்டினாய். நாலாவது தடவையும் கேட்க எனக்கு வாய் வந்தது, மகள்.